கழுத்து திரும்பாத வைத்தியர்

வேலப்பனின் கழுத்து வலப்பக்கம் போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

முந்தின இரவு வியாசர்பாடி வீட்டில் அவன் மனைவி மலர்க்கொடி ஒரு கேள்வி கேட்டாள். திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலையில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள், தானும் போகட்டுமா என்று. வேலப்பன் "தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கு மேல் அவள் பேசியதெல்லாம் சுவருக்குத்தான் தெரியும். காலையில் எழுந்து நின்றபோது அவன் உடம்பு வாசலைப் பார்த்தது. முகம் மட்டும் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

குமாஸ்தாவாக இருந்தால் சமாளித்திருக்கலாம். வேலப்பன் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவன் இரண்டு பக்கமும் பார்த்தே ஆகவேண்டும். போதாக்குறைக்கு அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த மாதம் ஆகிவிடும் என்று யார்டில் பேச்சு.

ஃபோர்மேன் அருள்பிரகாசம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கேயோ பார்த்துக்கிட்டு நிக்கிறியே, நான் பேசுறது காதுல விழுதா?"

"உங்களைத்தான் சார் பாக்கறேன். கழுத்து வர மாட்டேங்குது."

"வர்றப்போ கூட்டிக்கிட்டு வா. அதுவரைக்கும் யார்டுல கால் வைக்காதே. ஒரு பக்கத்து வண்டி மட்டும் தெரியுற பாயிண்ட்ஸ்மேன் எனக்கு எதுக்கு?"

வெளியே வந்ததும் அவன் சிநேகிதன் மஜீது, "இதுக்கா பேஜாரு? ஒரே இஸ்துதான்" என்று தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அதுவரை கழுத்தைத் திருப்பினால்தான் வலித்தது. மஜீது இழுத்த பிறகு திருப்பாமலே வலித்தது.

தவறு செய்துவிட்ட வருத்தத்தில் மஜீதே ஒரு வழியும் சொன்னான். ராயபுரம் மார்க்கெட் பின்னால் ஒரு வைத்தியர் இருக்கிறாராம்.

"தலைவலின்னு போனா தலையைத் தொடவே மாட்டாராம் மாமு. இன்னா துன்னே, எப்போ தூங்குனே, வூட்ல இன்னா சண்டை, அதெல்லாம் கேப்பாராம். ஆளை முழுசா பாத்துத்தான் மருந்து."

"எனுக்குக் கழுத்துதான்டா புட்ச்சிக்கீது. என் வூட்டு சமாச்சாரம் அவருக்கு இன்னாத்துக்கு?"

இருந்தாலும் போனான்.

ஓட்டு வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'உடல், உள்ளம், இல்லம் மூன்றுக்கும் இங்கு வைத்தியம் பார்க்கப்படும்.' முகப்பில் உட்கார்ந்து சுக்கு இடித்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் சிலுவையம்மாள். வீடு அவளுடையது. முன்னறையை வைத்தியருக்கு விட்டிருந்தாள். மருந்து இடிப்பதும் கஷாயம் காய்ச்சுவதும் அவள்தான்.

"கழுத்தா? குந்து. வைத்தியர் உள்ளதான் கீறாரு. சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்து போனாள்.

அறையில் இருந்த பெஞ்சுக்குச் சாய்மானம் இல்லை. உட்கார்ந்ததும் கழுத்து வலி முதுகு வரைக்கும் இறங்கியது. எதிரே ஒரு உயரமான முதுகு வைத்த மர நாற்காலி காலியாகக் கிடந்தது. வைத்தியர் வருகிற வரைக்கும்தானே என்று அதில் மெல்லச் சாய்ந்தான். சுகமாக இருந்தது. அவன் முகம் வலப்பக்கத்துச் சுவரைப் பார்த்தது. இடது காது, நோயாளிகள் உட்காரும் முக்காலியைப் பார்த்தது.

முக்காலியில் யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஐயா, நெஞ்சுக்குழி எரியுது. தீயாட்டம் எரியுது" என்றது ஒரு பெண் குரல். தென்னாட்டுப் பேச்சு.

"அம்மா, நான் வைத்தியர் இல்ல."

"எல்லாம் ஆண்டவன் கையிலதான், வாஸ்தவம். நல்ல வைத்தியமாரு எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாக." அவள் முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "எம் பேரு சீனியம்மாள். எங்க வீட்டுக்காரவுக மார்க்கெட்டுல வத்தல் மண்டி வச்சிருக்காக."

வேலப்பன் மறுபடி மறுக்கப் பார்த்தான். தலையை ஆட்டினால் உயிர் போகிறது. ஆட்டாமல் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். எரிச்சல் ஆரம்பித்தது, பல இடத்தில் காட்டியது, குடித்த மருந்து, குடிக்காத மருந்து. கடைசியில், எதையாவது சொல்லி அனுப்பினால் போதும் என்று ஆகிவிட்டது.

"வூட்டுக்குப் போய் சூடா கஞ்சி துன்னுட்டுப் படும்மா."

"இப்பவா? அவுக சாப்பிடணும், பிள்ளைக சாப்பிடணும், மண்டியில வேலை பாக்குறவுக எல்லாரும் சாப்பிடணும். எல்லாம் முடிஞ்ச பொறவுதான் நான் உட்காருவேன். பொழுது சாயப் போவும்."

"அதுவரைக்கும்?"

"காப்பித் தண்ணி."

"அப்போ நீ மொதல்ல துன்னு. அவங்க அப்பால துன்னட்டும்."

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட இப்பிடிச் சொன்னதில்லையே" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

சிலுவையம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "வைத்தியர் வெளிய பூட்டாரு போல. நாளைக்கு வா, நைனா."

மறுநாள் போனபோது வைத்தியர் இல்லை. உச்சிமாகாளி இருந்தார்.

சீனியம்மாளின் கணவர் அவர். மிளகாய் வத்தல் நெடியோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வேலப்பன் இந்தத் தடவை ஜாக்கிரதையாகப் பெஞ்சில்தான் உட்காரப் போனான். அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கினார்.

"நீரு என்னத்தவே சொல்லிக்கொடுத்தீரு? நேத்து நான் பசியோட வீட்டுக்கு வாரேன், இவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. 'இருங்க, முடிச்சிட்டு வாரேன்'ங்கா. எங்க வீட்டுல கேள்விப்பட்ட பேச்சாவே இது?"

"எரிச்சல் எப்படிக் கீதாம்?"

"அது கிடையாது. அது நின்னுபோச்சு." உச்சிமாகாளி முக்காலியில் உட்கார்ந்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "அவளும் நிம்மதியாத் தூங்குதா. நான்தான் முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். எனக்குத் தூக்கம் வந்து எவ்வளவு காலமாச்சு தெரியுமா? கண்ணை மூடினா மண்டியில யாரோ மூட்டையை உருட்டுத மாதிரியே இருக்கு."

இந்த ஆளை வைத்தியத்தில் நம்பிக்கை இழக்க வைத்தால் கூட்டம் இத்தோடு நிற்கும் என்று வேலப்பன் கணக்குப் போட்டான். ஒரு முதலாளியிடம் எதைச் சொன்னால் கோபம் வருமோ அதைத் தேடிப் பிடித்தான்.

"நாளைக்குக் கல்லாவுல உங்க பொண்சாதியைக் குந்த வைங்க. நீங்க மூட்டை தூக்குங்க."

"எவன்கிட்டப் பேசுதேன்னு தெரிஞ்சுதான் பேசுதீரா?"

"தெரியும். லாரி வந்தா லாரிக்கும் தூக்கணும்."

உச்சிமாகாளி முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார். வேலப்பனுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த நிம்மதி ஒரு நாள்தான் நின்றது. அடுத்த நாள் காலை அவன் சந்துக்குள் நுழையும்போதே உச்சிமாகாளி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். முதுகு வளைய மூட்டை தூக்கியவர், சாப்பிட்ட கையோடு சாய்ந்து, முகத்தில் வெயில் அடிக்கிற வரைக்கும் தூங்கியிருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்த சீனியம்மாளோ, எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளாம். அவர் தனியாக வரவில்லை. பாதி மார்க்கெட்டைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இவருதான். மூஞ்சியைப் பாக்க மாட்டாரு. காதை மட்டும் கொடுப்பாரு. நம்ம சங்கடம் எல்லாத்தையும் வெக்கமில்லாமச் சொல்லலாம்."

வேலப்பன் சிலுவையம்மாளிடம் கெஞ்சினான். "யக்கா, இவங்களுக்கு நீயாவது சொல்லு. நான் பாயிண்ட்ஸ்மேன். வைத்தியர் எப்போ வருவாரு?"

"வருவாரு, வருவாரு. நீ மொதல்ல உன் கழுத்தைப் பாரு" என்று அவள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். பிறகு சூடு போகாமல் இருக்கத் தலையோடு கழுத்தையும் சேர்த்து ஒரு துண்டால் சுற்றிக் கட்டினாள். இடது காதை மட்டும் வெளியே விட்டாள். வாசலில் பழைய நோயாளி ஒருவர், "பெரியவர் இல்லியாம்மா?" என்று கேட்பதும், "உள்ள கீறவரு பாப்பாரு, போங்க" என்று அவள் சொல்வதும் அந்தக் காதில் விழுந்தன.

இனி பேசினால்தானே வம்பு என்று வேலப்பன் வாயை மூடிக்கொண்டான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவன் பேசாமல் இருக்க இருக்க அவர்கள் பேசினார்கள். மூட்டு வலி என்று ஆரம்பித்த துறைமுகக் கூலி, அண்ணன்மேல் இருந்த கோபத்தில் போய் முடித்து, "நானே போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு எழுந்தான். தலைசுற்றல் என்று வந்தவள் அழுது முடித்ததும் பசிக்கிறது என்றாள். சிலுவையம்மாள் எல்லோருக்கும் ஒரே சுக்குக் கஷாயத்தைக் கொடுத்து அனுப்பினாள்.

அன்றைக்கு ஒரே ஒரு முறை அவன் வாயைத் திறந்தான். கத்திவாக்கத்திலிருந்து ஒருத்தி, நெருப்பாய்க் கொதிக்கிற குழந்தையைக் கொண்டுவந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"இது என்னால ஆவாது. கஷாயமும் வாணாம். இப்பவே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடு" என்று கத்தி, வாசலில் நின்ற உச்சிமாகாளியின் மண்டி வண்டியிலேயே ஏற்றி அனுப்பினான். இனிமேலாவது இந்த விளையாட்டு வேண்டாம் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம், குழந்தைக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள், கண்டம் தாண்டிவிட்டது என்று தகவல் வந்தது. 'முடியாது என்றால் முடியாது என்று சொல்கிற வைத்தியர்' என்று எண்ணூர் வரைக்கும் பேர் பரவியது.

அதற்கடுத்த நாள் முக்காலியில் வந்து உட்கார்ந்தவரின் இருமல் வேலப்பனுக்கு நன்றாகத் தெரிந்த இருமல். ஃபோர்மேன் அருள்பிரகாசம்.

வேலப்பன் துண்டை இன்னும் இழுத்து விட்டுக்கொண்டான்.

"வெளியில சொல்லக் கூச்சமா இருக்கு, வைத்தியரே. வயிறு இறங்கறதே இல்லை. நாலு நாள், அஞ்சு நாள். இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டுப் பார்த்தாச்சு."

வேலப்பன் குரலைத் தடிமனாக்கிக்கொண்டான். "வேலை எப்படி?"

"அதை ஏன் கேட்கறீங்க? மேசை நிறையக் காகிதம். எதுல கையெழுத்துப் போட்டாலும் நாளைக்கு என்ன வம்பு வருமோன்னு பயம். எடுப்பேன், பார்ப்பேன், வச்சிடுவேன்."

தன் நிரந்தர உத்தரவும் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது என்பது வேலப்பனுக்குத் தெரியும். இப்படி ஒரு சந்தர்ப்பம் எந்தப் பாயிண்ட்ஸ்மேனுக்குக் கிடைக்கும்?

"எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கினு இருந்தா வயிறு மட்டும் எப்படி விடும்? மேசை மேல ஒரு காகிதம் இருக்கக்கூடாது. யோசிக்காம எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வயித்தை அப்பால பாக்கலாம்."

மறுநாள் அருள்பிரகாசம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். குரலே மாறியிருந்தது.

"அற்புதம், வைத்தியரே. கடைசிக் காகிதம் போன அரை மணிக்குள்ள நானும் போயிட்டேன். மேசையில ஒண்ணு பாக்கியில்லை. வருசக் கணக்கா முடங்கிக் கிடந்ததெல்லாம் போயிடுச்சு. பசங்களுக்கு நிரந்தரம், லீவு, எல்லாம்."

"ரொம்ப சந்தோசம்" என்றான் வேலப்பன். நிஜமாகவே சொன்னான்.

"நேத்துத்தான் எழுதி வச்ச ஒண்ணுகூட போயிடுச்சு. வேலப்பன்னு ஒரு பாயிண்ட்ஸ்மேன். கழுத்து சரியாயிட்டு வர்றேன்னு போனவன் வரவே இல்லை. அவன் பேரை வெட்டறதா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்கதான் யோசிக்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களே."

அவர் போன பிறகும் வேலப்பன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே பார்ப்பது? வாழைப்பழத்தைச் சிலுவையம்மாள் எடுத்து உள்ளே வைத்தாள். வீட்டில் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கழுத்து பிடித்த நாளிலிருந்து மலர்க்கொடியோடு பேச்சில்லை. வழக்கம்போல் காலையில் கிளம்பி, வழக்கம்போல் திரும்பிவந்து, அவள் போட்டதைச் சுவரைப் பார்த்தபடி தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தான். வேலை போனது என்பதை எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது?

முக்காலி லேசாகக் கிறீச்சிட்டது. அடுத்த நோயாளி.

"எனுக்கு ஒண்ணும் இல்ல" என்றது குரல். "எங்க வூட்டுக்காரருக்குத்தான்."

வேலப்பனின் கை நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தது.

"ரொம்ப நல்ல மனுசன். குடி கெடையாது, சூது கெடையாது. நான் பேச ஆரம்பிச்சா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்குவாரு. கோவமான்னு கேட்டா இல்லம்பாரு. அந்தக் காதைப் பாத்துப் பாத்துத்தான் இத்தினி வருசமா பேசிக்கினு கீறேன். ஆயிரம் பேர் நடுவுல அந்தக் காதை மட்டும் காட்டினாக்கூட எனுக்குத் தெரியும்."

வாசலில் ஒரே கூட்டம். எழுந்து ஓடவும் முடியாது. வைத்தியர் கேட்டுத்தான் ஆகவேண்டும். வேலப்பன் கேட்டான்.

"அவுரு பேரை வெட்டிட்டாங்களாம். மஜீது அண்ணன் வந்து சொல்லிச்சு. வேலை போனா போவட்டும். வேற வராதா? ஆனா அதைச் சொல்ற அளவுக்குக்கூட நான் இல்லையான்னுதான் எனுக்கு நெஞ்சு அடைக்குது. காலையில கெளம்பிப் போறாரு. எங்க போறாருன்னு தெரியல. ரயிலு ஓடற எடத்துல ஒரு பக்கமா பாத்துக்கினு எங்கயாவது நின்னுகினு இருப்பாரோன்னு நான் வூட்டுக்கும் வாசலுக்குமா நடந்துகினு கீறேன்."

அவள் குரல் உடைந்தது. பிறகு தெளிவாகக் கேட்டாள்.

"தீப்பெட்டி ஆலைல திங்கக்கெழமை வரச் சொல்லிக்கீறாங்க. போவட்டுமா, வாணாமா? எதுவா இருந்தாலும் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாப் போதும்."

சொடக்கென்று ஒரு சத்தம். வாசலில் நின்றவர்களுக்கே கேட்டது. கண்ணில் பூச்சி பறக்க, வேலப்பனின் கழுத்து சுவரை விட்டு, பலகணியைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, முக்காலிக்கு வந்து நின்றது. எதிரே மலர்க்கொடி. கண் சிவந்து, கன்னம் ஒட்டி. இத்தனை நாளில் இவள் இவ்வளவு இளைத்துவிட்டாளா என்று அவனுக்குத் திக்கென்றது.

"போயேன்" என்றான். "நானும் கூட வர்றேன், கேட் வரைக்கும்."

"தலைல இன்னா இது, பிரசவம் ஆன பொம்பளையாட்டம்?" என்று கேட்டு அவள் துண்டை அவிழ்த்தாள். அழுதுகொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் கழுத்து வலிக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் வண்டி வந்தாலும் தெரியும்.

"வா, நேரா யார்டுக்குப் போய் அந்தாளுகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்" என்று எழுந்தான். "துரத்துனாத் துரத்தட்டும்."

வாசலில் சிலுவையம்மாள் சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். சந்து முனை வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யக்கா, எனுக்குச் சரியாப்பூட்ச்சி. நான் கெளம்பறேன். இவங்களை எல்லாம் உக்கார வை. வைத்தியர் வந்ததும் நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு. எப்போதான் வருவாரு அவரு?"

சிலுவையம்மாள் உலக்கையை நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள், மலர்க்கொடியைப் பார்த்தாள், உள்ளே காலியாகக் கிடந்த நாற்காலியையும் பார்த்தாள்.

"அவரு இன்னாத்துக்கு வரப்போறாரு நைனா, அவரும் பல்லுவலிக்கு மருந்து வாங்க வந்து, வைத்தியர் வர்ற வரைக்கும்னு அந்த நாற்காலில குந்துனவருதானே?"